செபமாலை நேரத்துப் படம்

தூத்துக்குடி, 2.6.2025, திங்கள்

டெரன்ஸ் இன்றைக்கும் எழுதிவிட்டான். பால் பொங்குவதற்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் முழ நீளத்துக்கு ஒரு பதிவு. தலைப்பு வேறு: 'எங்கள் வீட்டு டிவியும் ஒரு தெருவின் அன்பும்'. முப்பது வருடம் குவைத்தில் இருந்தான். அதுவரை தெருவில் விழுந்த ஒரு சாவுக்கு வந்ததில்லை. போன கிறிஸ்துமஸுக்கு ஊரோடு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு நினைவு.

'ஞாயிறு சாயங்காலம் வந்துவிட்டால் ஏழை, பணக்காரன் வித்தியாசம் கிடையாது. தெருவே எங்கள் ஹாலில் ஒரே குடும்பமாக அமர்ந்து படம் பார்க்கும். அம்மா எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுப்பார்கள்.'

சுக்குக் காப்பியா? அந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் தெருக்குழாயைக் காட்டுவார்கள். எந்த டிவிக்காரன் வீட்டுக் கதையைத் திருடி எழுதினானோ.

கீழே வரிசையாக இதயம். கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரர் மனுவேலும் ஒன்று போட்டிருக்கிறார். பெண்டாட்டிக்கு 'சாப்பிட்டியா' என்று அனுப்ப மட்டும் நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது.

3.6.2025, செவ்வாய்

அந்த ஹாலில் எங்கள் அம்மா ஆக்னஸ் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. இதைக் குழுவில் போட்டால் எத்தனை இதயம் விழும்?

5.6.2025, வியாழன்

ஆபீஸில் பில்களுக்கு நடுவே இதே நினைப்பு. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

அம்மா கருவாடு விற்றாள். டெரன்ஸின் அம்மா ஞானபாக்கியம் மாமி வாசலிலேயே வைத்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கருவாட்டு வாடை சோபால ஏறிச்சுன்னா போவாது ஆக்னஸ். நீ ஜன்னல்ல நின்னு பாரு. காத்தும் வரும்." என்ன கரிசனம்! டெரன்ஸின் கணக்கு வீட்டுப்பாடத்தை நான் போட்டுக் கொடுத்துவந்ததால் எனக்கு மட்டும் உள்ளே தரையில் இடம். அம்மாவும், உப்பளத்துக்குப் போகும் பேச்சி அக்காவும் பக்கச் சுவரில் இருந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார்கள். அங்கிருந்து படம் சாய்வாகத்தான் தெரியும். எந்தக் கதாநாயகனும் அவர்களுக்கு ஒல்லிதான்.

அம்மாவிடம் கேட்டால் ஒரே பதில். "படம்னா எனக்கு என்ன உசுரா? உன்னக் கூட்டிட்டு வரணுமேன்னு நின்னேன்."

மாமி போய்ச் சேர்ந்தாகிவிட்டது. மன்னிப்பு கேட்க வேண்டியவர் கல்லறைத் தோட்டத்தில். மகன் என்னடாவென்றால் சுக்குக் காப்பி ஊற்றுகிறான்.

8.6.2025, ஞாயிறு

இன்றைய பதிவு செபமாலை பற்றி. இதில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்தால் மாமிக்குச் செபமாலை சொல்லியாக வேண்டும். படம் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். டிவி இருந்ததோ திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே. முழங்கால் போட்டால் ஆண்டவரோடு சேர்த்து நடிகையையும் கும்பிட்டாக வேண்டும். அணைக்கவும் முடியாது. அந்தக் கால சாயங்கால வோல்டேஜில் ஒருதடவை அணைத்தால் ஸ்டெபிலைசர் திரும்ப எடுக்காது. அதற்கு மாமி கண்டுபிடித்த வழி, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, சக்கரம் வைத்த ஸ்டாண்டோடு டிவியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது. மாதாவுக்கும் மரியாதை, படத்துக்கும் சேதமில்லை. நாங்கள் பிள்ளைகள் அருள் நிறைந்த மந்திரத்தை மூச்சு விடாமல் ஓட்டுவோம். மாதா பிரார்த்தனையும் முடிந்து டிவி திரும்பி வரும்போது கதை எங்கேயோ போயிருக்கும்.

அப்படித்தான் அந்தக் கலங்கரை விளக்குப் படத்தைக் கோட்டை விட்டோம். மணி அடிக்கும்போது கதாநாயகன் கலங்கரை விளக்கின் உச்சியில் நின்று காதலித்துக்கொண்டிருந்தான். செபம் முடிந்து பார்த்தால் ஜெயிலில் இருக்கிறான். நடுவில் என்ன நடந்தது? செபமாலையில் ஐந்து தேவ இரகசியங்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் ஆறாவதாக இது ஒன்று. மாமனைக் கொன்றான் என்று டெரன்ஸ் இன்றுவரை சாதிக்கிறான். பொன் கடத்தினான் என்பது எதிர்வீட்டு அற்புதமணி அண்ணன் கட்சி. போன மாதம் குழுவில் இதற்காகவே இரண்டு பேர் வெளியேறித் திரும்பச் சேர்ந்தார்கள். யூட்யூபில் தேடினால் அந்தப் படத்தின் பாட்டு மட்டும் கிடைக்கிறது.

11.6.2025, புதன்

கேட்டுக்கொள், நாட்குறிப்பே. அந்தப் படம் வருகிறது! பழைய படம் போடும் ஏதோ ஒரு சேனலில், வருகிற 22ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம். டெரன்ஸ்தான் கண்டுபிடித்தான். தெருவே அவன் வீட்டு ஹாலில் கூட வேண்டுமாம். எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே. ஆசாரியிடம் சொல்லிச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு செய்கிறான். கோயிலிலிருந்து பங்குச்சாமி வருகிறார். ஏழு மணிக்கு டிவியைத் திருப்பி, முழுச் செபமாலை இல்லாமல், நினைவுக்காக முதல் தேவ இரகசியத்தின் பத்து மணி செபம் மட்டும். பிறகு திரும்பப் படம். வீடியோ எடுத்து உலகம் முழுக்க அனுப்புவானாம்.

13.6.2025, வெள்ளி

டெரன்ஸ் வீட்டுக்கே வந்தான். நன்றியுரை நான் பேச வேண்டுமாம். அம்மாவுக்கு முன்வரிசையில் சோபா. "மூத்தவங்கள்ல ஆக்னஸ் மாமிதான மிச்சம். வீடியோல அவங்க முன்னால இருந்தாத்தான் நல்லா இருக்கும், ஜெமி."

வீடியோவுக்குத் தேவைப்பட்டதும் சோபாவில் வாடை ஏறாமல் போய்விட்டது பார்.

ஒப்புக்கொண்டேன். மனத்துக்குள் உரை அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. பங்குச்சாமி முன்னால், வீடியோ முன்னால், ஒரே ஒரு கேள்வி: இந்த வீட்டில் தெருவே ஒரே குடும்பமாக உட்கார்ந்திருந்தபோது என் அம்மா எங்கே நின்றாள்? அவன் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்பு கேட்க வேண்டும். அவன் அம்மாவுக்கும் சேர்த்து. அது போதும் எனக்கு.

14.6.2025, சனி

அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வருகிறாளாம்! ஒரே ஒரு நிபந்தனை.

"அந்தப் பக்கத்து ஜன்னல தொறந்து வைக்கச் சொல்லு."

அவன் ஏசி போட்டு ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறான் என்றேன்.

"ஏசி யாருக்கு வேணும். ஜன்னல தொறந்தா வாரேன். இல்லன்னா வரல."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடமும் அம்மா ஒன்றையும் மறக்கவில்லை. அந்த ஜன்னலை எல்லோருக்கும் காட்டிக் கேட்கப் போகிறாள். நான் பேசுவதைவிட அது பெரிய அடி.

16.6.2025, திங்கள்

ஜன்னலைத் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டான். 'பழைய ஜன்னல் காற்று, என்ன ஒரு ரசனை மாமிக்கு' என்று அதையும் ஒரு பதிவாக்கிவிட்டான். உரை மூன்றாவது தடவையாகத் திருத்தியாகிவிட்டது. 'வாடை' என்ற சொல்லை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

20.6.2025, வெள்ளி

அம்மா பாலியெஸ்டர் சேலையை இஸ்திரி போட்டு வாங்கி வரச் சொன்னாள். மூக்குக் கண்ணாடியையும் துடைத்து வைத்துவிட்டாள். மன்னிப்பு கேட்பவனைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

22.6.2025, ஞாயிறு

இப்போதுதான் வந்தோம். உடனே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

டெரன்ஸ் ஜிப்பா போட்டு வாசலில் நின்று வரவேற்றான். சுக்குக் காப்பி உண்டு. நாற்பது வருடம் தாமதமாக. அம்மா உள்ளே போனாள். சோபாவின் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். போட்டோவுக்குச் சிரித்தாள். பையில் உரை தயார்.

படம் ஆரம்பித்தது. பாதி நேரம் முகப்பூச்சு விளம்பரம். இருந்தாலும் கலங்கரை விளக்கு வந்ததும் ஹாலே கப்சிப். ஏழு அடித்தது. டெரன்ஸ் கண்ணில் நீரோடு எழுந்து, சத்தத்தைக் குறைத்து, ஸ்டாண்டைத் திருப்பினான். எல்லோரும் முழங்கால் போட்டோம். அம்மா மட்டும் எழுந்து, "முட்டு மடங்காது. காத்தாட வெளிய உக்காருதேன்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணி செபம் முடிந்தது. டெரன்ஸ் எழப் போனான். பங்குச்சாமிக்கோ உருகிவிட்டது. இப்படி ஒரு தெரு எங்கே பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது தேவ இரகசியத்தை ஆரம்பித்துவிட்டார்! யார் வாயைத் திறப்பது? முழுச் செபமாலை. அதோடு விட்டாரா? பிரார்த்தனை. அதற்கும் மேல் கடலுக்குப் போனவர்களுக்காக ஒரு செபம். அற்புதமணி அண்ணன் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொன்னது அழுகை மாதிரியே இருந்தது. எதைத் தெரிந்துகொள்ளத் தெரு கூடியதோ, அது ஓடிக்கொண்டிருக்கும்போது நாங்கள் அத்தனை பேரும் பழையபடி முழங்காலில்.

எனக்குச் சிரிப்பு முட்டி வந்தது. மறைக்கத் தலையைத் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே அம்மா. முகம் முழுக்க டிவி வெளிச்சம். வாய் எங்களோடு சேர்ந்து 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்கிறது. கண் இமைக்கவில்லை. டிவி நேராக, ரொம்ப நேராக, அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

டிவியைத் திருப்புவது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திருப்பினார்கள்? ஒருநாளாவது யோசித்தேனா? ஞானபாக்கியம் மாமி யோசிக்கவில்லை, ஏனென்றால் ஜன்னலில் நின்றவர்கள் அவர் கணக்கிலேயே இல்லை. சரி. எனக்கு என்ன கேடு?

டிவியைத் திருப்பி வைத்தபோது கதாநாயகன் ஜெயிலில் இருந்தான். ஹாலில் ஒரு முனகல். படம் முடிந்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உரையை எடுக்கவில்லை. வந்தவர்களுக்கு நன்றி, பங்குச்சாமிக்கு நன்றி, ஜன்னலைத் திறந்து வைத்ததற்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

23.6.2025, திங்கள்

காலையில் கேட்டேவிட்டேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"மொத வாரம் ஜன்னல்ல நில்லுன்னு சொன்னாவல்லா, நேரா வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னக் கூட்டிட்டு வரணுமேன்னு அடுத்த வாரம் போயி நின்னேன். மணி அடிச்சதும் டிவி எம்பக்கம் திரும்பிட்டு. பெறவு எதுக்கு அழ?"

எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன்.

"ஒன் வாய் சும்மா இருக்குமாளா? பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லுவ. மறு வாரம் ஜன்னலச் சாத்திருவாவ. எனக்கும் பேச்சிக்கும் மட்டுந்தான் தெரியும். அவளும் போயிட்டா."

வாடை என்று சொன்னதற்குக் கோபமே இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம? இருக்கு. அதுக்காவ படத்த விட முடியுமா?"

இவளுக்காக நான் நாற்பது வருடம் கோபப்பட்டேன். வட்டியில்லாமல் நானே சுமந்தேன். அவள் அந்த நேரமெல்லாம் படம் பார்த்திருக்கிறாள். ஆத்திரத்தில் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது, கதாநாயகன் ஏன் ஜெயிலுக்குப் போனான் என்று கேட்கவே இல்லை.

24.6.2025, செவ்வாய்

டெரன்ஸின் பதிவு: 'மறக்க முடியாத மாலை.' கடைசி வரி: 'கதாநாயகன் எதற்காகச் சிறை சென்றான் என்று யாருக்காவது தெரியுமா?' ஒரு இதயம்கூட இல்லை.

26.6.2025, வியாழன்

சாயங்காலம் டெரன்ஸ் வந்தான். கையில் மக்ரூன் பெட்டி. கால் ஆடிய நாற்காலியில் உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசினான், திருநாளைப் பற்றிப் பேசினான். வீடியோவை மறுபடி பார்த்தானாம். அதில் ஜன்னல் தெரிகிறதாம், அதற்கு வெளியே அம்மாவும். அதோடு நிறுத்திக்கொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

பெட்டியை அம்மா பக்கம் நகர்த்திவிட்டு மெதுவாகக் கேட்டான். "மாமி, நீங்க பாத்தீங்கல்லா. அவன் எதுக்கு ஜெயிலுக்குப் போனான்?"

அம்மா பெட்டியைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்தாள். அவசரமே படாமல் முழுதாகத் தின்று முடித்தாள். விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ செபமாலை சொன்னேல்லா டெரன்ஸு. அது போதும்ல."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். போகும்போது வாசலில் நின்று, மாமி எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வரலாம், உள்ளே வந்து உட்காரலாம் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அம்மா.

அவன் தலை மறைந்ததும் நான் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இப்போதாவது சொல்லும்மா என்றேன்.

"நீயும் உள்ளதான இருந்த" என்றாள்.