வீட்டுக்கு அடியில் உன் அப்பா இடித்த தரை

இயேசு மரி சூசை துணை

கோலசிலாங்கூர்,
5 நவம்பர் 1952

அன்பு மகள் டொரீனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு நலமாக இருக்கிறோம். தைப்பிங்கில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சின்னதும் சண்டையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் எங்களைப்போல் நலமாக இருக்க வேண்டுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா, பார்லி தண்ணீர் குடிக்கிறாயா, இல்லை மாப்பிள்ளை தலையில் கட்டிவிடுகிறாயா, உண்மையை எழுது.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரமாட்டேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. நீ சொன்ன காரணம் நியாயம்தான். எமர்ஜென்சி வந்து, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுக்காரன் ரப்பர் தோட்டத்துக்குள் வராமலிருக்க முள்கம்பி வேலி போட வந்த புண்ணியவான்கள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போடுகிறோம் என்று நம் வீட்டை வேலிக்கு உள்ளேயும், கக்கூசையும் குளிக்கிற கொட்டகையையும் வேலிக்கு வெளியேயும் விட்டுவிட்டுப் போனார்கள். பகலில் கேட்டில் துப்பாக்கியோடு நிற்கிற போலீஸ்காரனிடம் எங்கே போகிறேன் என்று மானத்தை விட்டுச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஊரடங்கு தொடங்கிவிட்டால் வாளிதான் கதி. நிறைமாத வயிற்றோடு வாளியுடன் மல்லுக்கட்ட முடியாது என்று எழுதியிருந்தாய். ஆனாலும் நான் உன்னைப் பெற்றவள், உன் அப்பாவையும் நினைத்துத்தான் வரத் தயங்குகிறாய் என்பது எனக்குத் தெரியாதா. கோயிலில் கலியாணம் செய்யாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ஒரு இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாய் என்று இத்தனை நாளும் மாப்பிள்ளை பேரைக்கூடச் சொல்லாமல் 'அந்த ரயில்காரன்' என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் அவர்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் ஆபீசுக்குப் போனவர் தோட்டத்து மானேஜர் துரையிடம் நேரே போய், வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே சைக்கிளும் விறகும் கிடக்கிற சிமெண்டுத் தரையில் ஒரு குளியலறை கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். எமர்ஜென்சி முடியும்வரை தோட்டத்து வீடு எதிலும் ஒரு கல்லை நகர்த்தக் கூடாது, ஒரு குழி வெட்டக் கூடாது, காட்டில் இருக்கிறவனுக்கு அரிசி ஒளித்து வைக்கிறீர்கள் என்று போலீஸ் வந்து நிற்கும் என்று துரை சொல்லிவிட்டாராம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து துரை கிழித்த கோட்டைத் தாண்டாமல் ஆபீசில் கணக்கு எழுதி வந்த அம்புரோஸ் கிராணி அன்று சாயங்காலமே ஸ்டோரிலிருந்து கடப்பாரையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நின்றார் என்றால் நீ நம்புவாயா. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கடப்பாரை போட்டால் சத்தம் கேட்குமே. அதற்கு வழி நான்தான் கண்டுபிடித்தேன். அக்டோபர் ஜெபமாலை மாதம் அல்லவா, சாயங்காலம் நம் வீட்டில் ஜெபமாலை சொல்ல ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பெண்சாதி லில்லியனும் மற்ற பெண்களும் வருவார்கள். முடிவில் பிரார்த்தனை தொடங்கியதும் நான் மாதாவின் பெயர் ஒவ்வொன்றாகச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று உரக்கச் சொல்லும்போது கீழே உன் அப்பா ஒரு போடு போடுவார். பெயருக்கு ஒரு போடு. பக்கத்துத் தொழிலாளர் லயத்துக் காளியம்மா, அவளுக்கும் ஜெபமாலைக்கும் என்ன சம்பந்தம், ஆனாலும் தினம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தினாள். உனக்கெதற்கடி இந்த வேலை என்று லில்லியன் கேட்டதற்கு, "மாதாவும் பொம்பளதானே, கக்கூசு கஷ்டம் அவங்களுக்குத் தெரியாதா லா" என்றாள். தரை லேசில் உடையவில்லை, பிரார்த்தனையை இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. இவ்வளவு பக்தி இந்தத் தோட்டத்தில் எப்போது வந்தது என்று பாதரே ஆச்சரியப்பட்டுப் போனார்.

உடைத்த சிமெண்டை எங்கே கொட்டுவது என்பதுதான் அடுத்த தலைவலி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், உன் அப்பா முழுத் தரையையும் டிபன் கேரியரில் மறைத்தார். தினமும் அடுக்கு அடுக்காகச் சிமெண்டுத் துண்டுகளை வைத்து ஆபீசுக்கு எடுத்துப் போய் வழியில் இருக்கும் பள்ளத்தில் கொட்டிவிட்டு, மத்தியானம் பட்டினி கிடந்து வருவார். படித்த மனுஷனுக்குப் புத்தி போன போக்கைப் பார், வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக் கூடாது என்று போலீஸ்காரன் திறந்து பார்க்கிற ஒரே சாமானே டிபன் கேரியர்தானே. கிராணியை இதுவரை மரியாதைக்காகச் சோதிக்காமல் விட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒருவன் திறந்தான். மேல் அடுக்கில் சிமெண்டு, நடு அடுக்கில் சிமெண்டு, கீழ் அடுக்கில் ஜல்லி.

மத்தியானத்துக்குள் மலாய்க்கார இன்ஸ்பெக்டர் ஆட்களோடு உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். குழிமேல் நான் பலகை போட்டுப் பாய் விரித்து வைத்திருந்தேன், ஒரு காலால் தள்ளிப் பார்த்துவிட்டார். உள்ளே எத்தனை மூட்டை செகிஞ்சான் வயல் அரிசி இறங்கும் என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்தில் அடுப்படியில் குழி வெட்டி வைத்திருந்தவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் வீடு திரும்பவில்லை. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள், அவளுக்குக் குளியலறை கட்டுகிறோம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் அழாத குறையாகச் சொன்னேன். குளியலறைக்கு நல்ல தரையை உடைத்து முழங்கால் ஆழம் தோண்டுவானேன், தரைமேலேயே சுவர் எழுப்பலாமே என்று கேட்டார். நானும் உன் அப்பாவிடம் தினம் அதையேதான் கேட்டேன், அவர் கடப்பாரையைத்தான் எடுத்தார். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கும் குழாயைத்தான் காட்டினார். குழாய்கூடப் போட்டாயிற்று, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் என்று நான் துணிந்து சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் குழிக்குள் இறங்கி நின்று ஊற்றச் சொன்னார்.

ஊற்றிய தண்ணீர் குழாய்ப் பக்கம் போயிற்று, சற்று யோசித்தது, திரும்பி வந்தது. தரையைத் தாழ்த்திய உன் அப்பா வெளி வாய்க்காலைத் தாழ்த்த மறந்துவிட்டார். காலையில் பெய்த மழைத் தண்ணீரும் இதுதான் சமயம் என்று வாய்க்காலிலிருந்து குழாய் வழியாக உள்ளே வந்தது, கூடவே ரப்பர் இலையும் ஒரு தவளையும். இன்ஸ்பெக்டர் தன் காலில் பளபளத்த சப்பாத்தைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. இதில் அரிசியை ஒளித்து வைத்தால் காட்டில் இருக்கிறவனுக்குக் கஞ்சிதான் கிடைக்கும், இப்படி வாய்க்காலை வீட்டுக்குள் கூப்பிடுகிற ஆள் யாருக்கும் எதையும் ஒளித்து வைக்கத் தெரியாதவன் என்றார்.

சிரித்து முடித்து, சரி, இவ்வளவு ஆழம் எதற்கு, அதையாவது சொல் என்று மறுபடி கேட்டார். உன் அப்பா தவளையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். மருமகன் நெட்டையான ஆள், இங்கே உத்திரம் தாழ்வு, ஒரே ஒரு தரம் இந்த வீட்டுக்கு வந்தபோது உத்திரத்தில் நெற்றியை இடித்து ரத்தம் வந்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, இனி வந்தால் நிமிர்ந்து நின்று குளிக்கட்டும் என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும். நான் அழுதேன் டொரீன், இன்ஸ்பெக்டர் முன்னாலேயே அழுதேன்.

பிறகு துரை வந்து முகம் சிவக்கக் கத்தினார், இன்ஸ்பெக்டர் தவளைக் கதையைச் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டார். எமர்ஜென்சி முடிந்ததும் பழையபடி மூடிவிட வேண்டும் என்று நிபந்தனை. அதற்குள் உன் பிள்ளையே நடந்து போய்த் துரைக்குக் குட்மார்னிங் சொல்லும். இப்போது வாய்க்காலையும் ஆழமாக வெட்டியாயிற்று, மூலையில் மறைப்பு வைத்துக் கக்கூசும் ஆயிற்று. காளியம்மாதான் முதலில் குளித்துப் பார்த்துச் சரி சொன்னாள்.

ரவாங் ஸ்டேஷனுக்குப் பகல் ரயிலில் வந்து சேருங்கள், ராத்திரி வண்டி வேண்டவே வேண்டாம், தண்டவாளத்தில் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும். உன் அப்பாவே தோட்டத்து லோரியில் அழைக்க வருகிறாராம். நாராயணசாமியை லீவு போடச் சொல் என்று எழுதச் சொன்னார். ஆமாம், பேரைச் சொன்னார், நான் கேட்டேன். மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். நீ மட்டும் தனியாக வந்துவிடாதே. இதை எழுதும்போது உன் அப்பா கீழே ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, உத்திரம் தலையில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை எவ்வளவு உயரம் என்று என்னிடம் கேட்கிறார், நான் எப்படிச் சொல்வேன், அவரே வந்து நின்று காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
மாடில்டா அம்புரோஸ்