ஆகஸ்ட் மாதத்து ஐஸ்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
செப்டம்பர், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அனிஷாவுக்கு அப்பா சவரிமுத்து எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் அந்த வரியை இந்தத் தடவை எழுதப்போவதில்லை, நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. இந்தக் கடிதத்தை நம் தெரு ராபின் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அங்கே டொராண்டோவில் வரிக்கணக்கு பார்க்கிறவன், லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறான். உன் வீட்டுக்கு வரமாட்டான், நீ நர்சாக இருக்கிற ஆஸ்பத்திரிக்கே வந்து உன் கையில் கொடுப்பான், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போனில் பேசினால் உன் புருசன் பக்கத்தில் நின்று கேட்கிறான், வாட்ஸ்அப்பில் போட்டால் அவன் எடுத்துப் படிக்கிறான். அவன் என்றுதான் எழுதுகிறேன், ஸ்டீபன்ராஜை இனிமேல் மாப்பிள்ளை என்று எழுத என்னால் ஆகாது.

போன ஞாயிறு முதல் பூசை முடிந்த நேரம், நம் கறிக்கடையில் நிற்க இடமில்லை. ராபின் ஈரல் வாங்க வந்து நின்றான். நான்தான் பேச்சுக் கொடுத்தேன், எங்க பாப்பா போன மாசம் ஐஸ்ல வழுக்கி விழுந்து கட்டைவிரலை ஒடிச்சுக்கிட்டா, நீயும் அங்க பாத்து நடப்பா என்று. அவன் சிரித்தான். ஆகஸ்ட்லயா, ஆகஸ்ட்ல அங்க ஏது மாமா ஐஸு, நம்ம ஊரு மாதிரி வேர்த்து ஊத்தும், ஃபேன் இல்லாமப் படுக்க முடியாது என்றான். கனடா என்றால் பன்னிரண்டு மாசமும் பனி என்றுதான் நானும் உன் அம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தோம், நீ அனுப்பின முதல் போட்டோவில் முழங்கால் அளவு பனியில் நின்றாய், அதற்குமேல் எங்களுக்கு யார் சொன்னார்கள். அது தெரிந்துதானே அந்தப் பொய்யைத் தேடிப் பிடித்தாய், கழுதை. ஓங்கின கத்தி அந்த நேரம் இறங்கிக்கொண்டிருந்தது, தொடைக்கறியில் விழ வேண்டியது என் இடது கை விரலில் விழுந்தது. கட்டை மேல் கிடந்த ரத்தத்தில் எது என்னுடையது, எது ஆட்டினுடையது என்று தெரியவில்லை. தையல் போட்டிருக்கிறது, பயப்படாதே, எழுதுகிற கை இது இல்லை.

அம்மாவைத் திட்டாதே. நான்தான் அன்றைக்கே அவளை உட்கார வைத்து, நீ டூட்டியில் இருக்கிற நேரம் பார்த்துப் போன் போடச் சொன்னேன். நீ அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அப்பாட்ட மட்டும் சொல்லிராதம்மா என்றாயாம், உன் அம்மா டெய்சிக்கு அது எப்படி முடியும், நான் கட்டுப் போட்ட கையோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவன் பணத்தை எல்லாம் லித்தியம் தோண்டுகிற ஏதோ ஒரே கம்பெனி ஷேரில் கொண்டுபோய்க் கொட்டி அது ஒன்றுமில்லாமல் போனதும், விட்டதைப் பிடிக்க உன் பணத்தைக் கேட்டதும், நீ மாட்டேன் என்றதும், உன்னைச் சமையல்கட்டுத் தரையில் தள்ளி மேலே முழங்காலை ஊன்றி, உன் கட்டைவிரலைப் பிடித்து போனில் அழுத்திக் கணக்கைத் திறக்கப் பார்த்ததும், நீ விரலை மடக்க மடக்க அவன் நிமிர்த்தி நிமிர்த்தி அது படீரென்று முறிந்ததும், எல்லாம் சொன்னாள். நான் தினமும் எலும்பு உடைக்கிறவன். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளாகக் கடையில் கத்தியைத் தொட முடியவில்லை, ஆள் போட்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பையில் கத்தியைப் போட்டுக்கொண்டு நத்தம் ரோட்டில் உன் மாமனார் ராயப்பராஜ் வீட்டுக்குப் போனேன். மறைக்கவில்லை, வெட்டத்தான் போனேன். பக்கத்துக் கடை தேங்காய்க்கார நாச்சிமுத்து விஷயம் தெரிந்து வண்டியில் துரத்திக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். ராயப்பராஜ் வாங்க சம்பந்தி என்று சிரித்துக்கொண்டே சேர் போட்டார். உன் விரலைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது அனிஷா, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புருசன் இருக்கும்போது பொண்டாட்டிக்குத் தனிக் கணக்கு எதுக்கு சம்பந்தி, ஜாயிண்டாப் போட்டாச் சண்டையே இல்லைல்ல, ஏதோ கோவத்துல கை நீட்டிட்டான், பிள்ளைக விசயத்துல நம்ம தலையிடலாமா என்றார். அதற்குப்பின் என்ன செய்தேன் என்று எனக்கே வரிசையாக ஞாபகம் இல்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி ஷோகேஸ் கண்ணாடியில் மோதினேன், கண்ணாடி உடைந்து மேலெல்லாம் கொட்டியது, மூக்கில் குத்தினேன், விழுந்த ஆளை மிதித்தேன். உங்கள் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து பிடுங்கி அவர் முன்னாலேயே உடைத்தேன். கத்தி வெளியே வராததற்கு நாச்சிமுத்துதான் காரணம், பையைப் பிடுங்கிக் கீழே போட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அண்ணே கையால எம்புட்டு வேணாலும் அடிங்க, இதைத் தரமாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தான். ராத்திரி வரைக்கும் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். இனிமேல் அந்தத் தெருப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், கண்ணாடிக்கும் காசு கொடுத்துவிட்டேன். வயசான மனுசனை அடித்தோமே என்று அம்மா அழுகிறாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அடிக்க வேண்டியவன் அங்கே இருக்கிறான், விமானத்தில் கத்தி கொண்டுபோக விடமாட்டார்களாம்.

நேற்று ராபின் வீட்டுக்கு வந்தான், என் சிரிப்புதான மாமா இம்புட்டுக்கும் காரணம் என்று முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவனிடம்தான் உன் பணத்தைப் பற்றிக் கேட்டேன். நீ வருசக்கணக்காக ஃபண்டு ஃபண்டு என்று சொல்லும்போதெல்லாம் நம் தெருவில் பிடிக்கிறார்களே கிறிஸ்துமஸ் ஃபண்டு, வாராவாரம் கட்டினால் டிசம்பரில் பாத்திரமும் பலகாரமும் தருவது, அதுமாதிரி ஒன்று என்றுதான் நினைத்தேன். நைட் டூட்டி பார்த்து வந்த காசை நூற்றுக்கணக்கான கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுகிற ஃபண்டு அது, பாப்பா நல்லா விசாரிச்சுத்தான் எடுத்துருக்கு மாமா என்று ராபின் சொன்னான். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது, இந்த நேரத்திலும். கணக்கு இரண்டாமே, ஆர்.ஆர்.எஸ்.பி. என்பது வயசான காலத்துக்கு, டி.எஃப்.எஸ்.ஏ. என்பது வரி இல்லாதது. இரண்டையும் ஜாயிண்டாகப் போடவே முடியாதாம், சட்டமே ஒரு ஆள் பேருக்குத்தானாம். ராயப்பராஜ் மூக்கை உடைப்பதற்கு முன்னால் இது தெரிந்திருந்தால் சொல்லிவிட்டே உடைத்திருப்பேன். ஆனால் ராபின் இன்னொன்றும் சொன்னான். உனக்கு ஒன்று ஆனால் பணம் யாருக்கு என்று ஒரு பேர் எழுதிக் கொடுப்பீர்களாமே, கல்யாணம் ஆனவர்கள் சாதாரணமாகப் புருசன் பேரைத்தான் எழுதுவார்களாம். நீயும் அப்படித்தானே எழுதியிருப்பாய்? ஒரு போனைத் திறக்க விரலை ஒடித்தவன் அனிஷா. நீ செத்தால் அவனுக்குப் பணம் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாய்.

அதனால் நான் சொல்வதை அப்படியே கேள். இப்போது மார்க்கெட் இறங்கிக் கிடக்கிறது, விற்றால் நஷ்டம், அது வயசான காலத்துப் பணம், அதைத் தொடாமல் இருக்கிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பல்லைக் கடித்தது போதும். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இருப்பதை அப்படியே விடு, அதை எடுத்தால் வரி பிடிப்பார்கள், எடுத்த அளவுக்குத் திரும்பப் போடவும் விடமாட்டார்கள் என்றான் ராபின். டி.எஃப்.எஸ்.ஏ.யில் எடுக்கிறதுக்கு வரி இல்லை, எடுத்த அளவுக்கு வருகிற ஜனவரிக்குப்பின் திரும்பப் போட்டுக்கொள்ளலாமாம். அதிலிருந்து விற்று எடு. விலை இறங்கியிருந்தால் இறங்கட்டும், நஷ்டத்துக்கு விற்காத வியாபாரி எவன் இருக்கிறான், சந்தையில் ஏமாந்து வாங்கின ஆட்டை நானும்தான் விற்றிருக்கிறேன். பணத்தை உன் பேரில் மட்டும் புதிதாக ஒரு பேங்க் கணக்குத் திறந்து அதில் போடு. டூட்டிக்குப் போகிறமாதிரி பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பு, அவனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பாதே. உன்னோடு வேலை பார்க்கிற பேகம்பூர்ப் பிள்ளை பாஸிலா வீட்டில் ஒரு ரூம் இருக்கிறது, எப்ப வேணும்னாலும் அனுப்புங்கம்மா என்று அம்மாவிடம் அவளே சொல்லியிருக்கிறாள். போனில் கைரேகையை எடுத்துவிட்டு நம்பர் போடு, பிறந்தநாளும் கல்யாண நாளும் வேண்டாம், அவனுக்குத் தெரியும். கை ஓங்கினால் போலீசுக்கு 911 அடி, யோசிக்காதே, நான் இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்து வந்துவிட்டேன், எனக்கு இல்லாத மானம் உனக்கு எதற்கு. பிரிந்தால் அவன் உன் ஃபண்டில் பங்கு கேட்கலாமாம். கேட்கட்டும். கோர்ட்டில் நின்று கேட்கட்டும், முழங்காலைப் போட்டு அழுத்திக் கேட்கக் கூடாது. அறுபத்தைந்து வயசுக்கு என்று சேர்த்து வைத்திருக்கிறாயே கண்ணு, அந்தப் பணத்துக்கு முன்னால் அறுபத்தைந்து வயசுக்கு நீ போய்ச் சேர வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, விரலைச் சும்மா மடக்கி நீட்டிப் பழகு, டாக்டர் சொல்லியிருப்பார். வியாகுல மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அம்மா உனக்காக ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இன்னும் செபம் வரவில்லை. பாஸிலா வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளேயிருந்து ஒரு போன் போடு, அன்றைக்குத்தான் நான் மறுபடியும் கத்தியைத் தொடுவேன்.

ஆயிரம் ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா,
ம. சவரிமுத்து.

மறக்காமல்: உனக்குப்பின் பணம் யாருக்கு என்று எழுதின அந்தப் பேரை முதல் வேலையாக மாற்று, டெய்சி என்று அம்மா பேரை எழுது. இனிமேல் எங்கேயாவது வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொல்லாதே. அங்கே எந்த மாசம் ஐஸ் இருக்கும், எந்த மாசம் இருக்காது என்று ராபினிடம் கேட்டு, கடைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.