டெல்லிக்குத் தெரியாத ஆடி

திருத்தங்கல்
18.9.2005

மாப்பிள்ளை தவசீலனுக்குச் சின்னத்தாய் எழுதுவது. இங்கே நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே குளிர் இறங்கும் முன்னே நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் வேல்விழி டெல்லி போய் விசா ஆபீஸில் கேள்விக்கு உட்கார்ந்துவிட்டு வந்தாளே, அதற்குப் பதில் தபாலில் வந்துவிட்டது. கிடையாதாம். உங்களுடையது பொய்க் கல்யாணமாம், கனடாவுக்கு ஆள் ஏற்றுவதற்காகச் செய்ததாம். அவளே வாசித்துச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான்.

அங்கே என்னதான் கேட்டார்கள் என்று விடாமல் கேட்டேன்.

"போன வருசம் ஆறு வாரம் லீவுல வந்தாரே, எத்தன நாளு கூட இருந்தேன்னு கேட்டாக. பன்னெண்டு நாளுன்னேன். அப்புறம்னாக. ஆடி பொறந்துருச்சு, அம்மாச்சி வந்து கூட்டிட்டுப் போயிட்டாகன்னேன். பக்கத்து ஊருதானே, அந்த மாசம் புருசனப் பாக்கவே இல்லையான்னாக. இல்லைன்னேன்."

இதில் என்ன தப்பு? கல்யாணம் ஆன முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்து, மாதம் முடிகிறவரை மாப்பிள்ளையைப் பிரித்து வைப்பது எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் உள்ளது. சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று பெரியவர்கள் வைத்தது. நீங்கள் விருதுநகரில் பிடித்த வாடகை வீட்டுக்கு நானே வந்துதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தாயில்லாப் பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவள் முறையில் குறை வைக்கலாமா? டெல்லிக்காரர்களுக்கு ஆடி தெரியாவிட்டால் அதற்கு நானா பொறுப்பு?

மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

சின்னத்தாய்

*

ஸ்காபரோ
9.10.2005

அன்புள்ள ஆச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எனக்கும் அதே மறுப்புத்தான் வந்திருக்கிறது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமையாக வேலைக்குப் போய் வருகிறேன்.

விசா அலுவல் பார்க்கிற ஒருவரோடு கதைத்தேன். மேல்முறையீடு செய்யலாம் என்கிறார். ஆனால் ஆடி மாதம் முழுவதும் நானும் வேல்விழியும் உங்கள் வீட்டிலேயே ஒன்றாக இருந்தோம் என்று வீட்டுப் பெரியவர் சத்தியம் செய்து எழுதித்தர வேண்டுமாம். வேல்விழி பயத்தில் மாறிச் சொல்லிவிட்டாள் என்று சமாளித்துவிடலாமாம். எழுத வேண்டியதை ஆங்கிலத்தில் அடித்து, கீழே தமிழும் எழுதி அனுப்பியிருக்கிறேன். சிவகாசியில் ஒரு நோட்டரியிடம் போய் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

ஆச்சி, ஆடி பிறந்த அன்று நான் பழம் வாங்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன். "முறைன்னா முறைதான் மாப்ள, கோவிச்சுக்கிடாதீக" என்று சொல்லி, மோரைக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். அகதி முகாமில் வளர்ந்தவனுக்குப் பெண் கொடுத்தவர் என்ற மரியாதையில் வாய் திறக்காமல் போனேன். எனக்காக இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

தவசீலன்

*

திருத்தங்கல்
6.11.2005

மாப்பிள்ளைக்கு,

தாள் வந்தது. தீபாவளிப் பட்டாசு லோடு எல்லாம் போய் ஊரே ஓய்ந்து கிடக்கிறது. யோசிக்க வேண்டிய மட்டும் யோசித்துவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்.

நீங்கள் விருதுநகரில் தனியாகப் பொங்கித் தின்றது அந்தத் தெருப் பால்காரருக்குக்கூடத் தெரியும். எவராவது வந்து விசாரித்தால் அவளையும் சேர்த்தல்லவா பொய்க்காரி என்பார்கள்?

அதைவிட இன்னொன்று உண்டு. கல்யாணம் பேசி முடித்த வாரம் எதிர்வீட்டு ஆவுடைத்தாய், தண்ணீர்க் குழாயடியில் அத்தனை பேர் இருக்க, என்ன கேட்டாள் தெரியுமா? "கேம்ப்புப் பையனுக்குக் குடுக்கியாமே. சீரு, ஆடி, தீவாளின்னு முறை கிறை உண்டா, இல்ல சும்மா கையப் புடிச்சு அனுப்பிருவியா?" அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தத் தெருவில் எவள் வீட்டிலும் நடக்காத மாதிரி நடத்திக் காட்டுவது என்று. நடத்தினேன். என் வீட்டு ஆடியில் ஒரு சொல் சொல்ல இடமில்லை என்று இன்றுவரை நிமிர்ந்து சொல்லி வருகிறேன். அதை நானே என் கையால் அழித்து எழுதவா?

வேல்விழி என்னிடம் சண்டைக்கு நின்றாள். "ஒங்க கவுரவத்துக்காக நான் கெழவியாகுற வரைக்கும் இங்கனயே கெடக்கணுமா அம்மாச்சி?" என்றாள். "ஏட்டி, பொய்யில ஏறிப் போனா எம்புட்டு தூரம் போவ?" என்றேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்லிக் கேட்க வேறு வழி பாருங்கள்.

சின்னத்தாய்

*

ஸ்காபரோ
4.12.2005

ஆச்சி,

உங்கள் முடிவு விளங்கியது.

குல்லூர்சந்தை முகாமில் இருக்கும் என் சித்தியிடம் போய் இருக்கும்படி வேல்விழிக்குச் சொல்லிவிட்டேன். புருசனுடைய ஆட்களோடு இருப்பதும் முறைதான். நீங்கள் முறை பார்க்கிறவர், மறுக்க மாட்டீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

தவசீலன்

*

திருத்தங்கல்
17.1.2006

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

முகாமுக்குப் பொங்கல் படி கொண்டுபோய்க் கொடுத்தேன். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள், அவளுக்கு ஒரு புடவை. உங்கள் சித்தி காப்பி போட்டுக் கொடுத்தார். பத்தடி அறைதான், ஆனாலும் சுத்தமாக வைத்திருக்கிறார். வேல்விழி படியை வாங்கி உள்ளே வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோதும் வெளியே வரவில்லை. சிவகாசி அச்சாபீஸ் வேலைக்கு அங்கிருந்தேதான் வந்து போகிறாளாம். இளைத்துவிட்டாள்.

உங்களுக்குத் தெரிய வேண்டுமே என்று எழுதினேன்.

சின்னத்தாய்

*

ஸ்காபரோ
10.9.2006

ஆச்சிக்கு,

உங்கள் தைமாதக் கடிதத்துக்குப் பதில் எழுதாதது என் பிழை.

ஒக்டோபர் 11ஆம் திகதி மேல்முறையீட்டு விசாரணை. பழைய ஆளை விட்டுவிட்டேன். இப்போது இருக்கிற லோயர் பொய்த்தாள் எதுவும் வேண்டாம் என்று கிழித்துப் போட்டார். ஆனால் வீட்டுப் பெரியவரைத் தொலைபேசியில் கேட்பார்கள், மொழிபெயர்க்க ஒருவர் இருப்பார். உங்களிடம் போன் இல்லாததால் ஆவுடைத்தாய் அக்கா வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு அப்போது மாலை ஆறரை மணி. அதே அறையில் நானும் இருப்பேன், நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கும்.

இப்படிச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இதில் தோற்றால் மறுபடி கேட்க இடமில்லை என்கிறார் லோயர். அதை மட்டும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

தவசீலன்

*

திருத்தங்கல்
13.10.2006

மாப்பிள்ளைக்கு,

முந்தாநாள் நான் போனில் பேசியதை அந்த மொழிபெயர்ப்பு அம்மாள் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் நீளமாகச் சொன்னால் அவர் சின்னதாக முடித்தார். அதனால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் என் பேச்சை நானே எழுதிக்கொள்வேன்.

ஆவுடைத்தாய் வீட்டு நடுவீட்டில் போன். தீபாவளி சீசன், பட்டாசு ஆபீஸ் விட்டு வந்த பெண்கள் வெடிமருந்துக் கையைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்றார்கள். வேல்விழியும் உங்கள் சித்தியும் வந்திருந்தார்கள். அவள் என்னை விட்டுத் தள்ளித்தான் நின்றாள்.

விசாரிக்கிற ஐயா ஆடி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். பிரித்து வைத்தது யார் என்றார். நான்தான் என்றேன். "அப்படியானால் அந்த மாதம் அவர்கள் புருசன் பெண்டாட்டியாக இருக்கவில்லை, அப்படித்தானே?" என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. இரண்டு வருசமாகத் தெருவுக்கு அதைத்தானே சொல்லி வருகிறேன். எதிரே ஆவுடைத்தாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயா, கேளுங்க" என்றேன். "ஆடி ரெண்டாம் வெள்ளி, மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்துனாக. சொம்பு எடுக்க வீட்டுக்குத் திரும்புனேன். வாசல்ல மாப்ள சீமைச் செருப்பு கெடந்துச்சு. கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள எம் பேத்தி சிரிக்கா. அவ அம்மா செத்த பெறகு அந்தப் புள்ள அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. தட்டக் கை போகல. பின்னாலயே வந்த ஆவுடைத்தாயி கையப் புடிச்சு இழுத்துட்டுக் கோயிலுக்கே போயிட்டேன். பொழுது அடையுற வரைக்கும் அவள எந்திரிக்க விடல. டெல்லியில எம் பேத்தி புருசனப் பாக்கலைன்னது எனக்குத் தெரிஞ்சுருமேன்னு பயந்து. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. ஐயா, பொய்க் கல்யாணம் பண்ணுனவன், வீட்டுப் பெரிய மனுசிக்குத் தெரியாம, சொந்தப் பொண்டாட்டியப் பாக்க அந்த வெயில்ல பஸ்ஸேறி வருவானா?"

அந்த மொழிபெயர்ப்பு அம்மாள் அதை இங்கிலீஷில் சொன்னார். இந்த முறை நீளமாகப் பேசினார்.

போனை வைத்ததுதான் தாமதம், "அடிப் பாதகத்தி! காலு மரத்துப்போற வரைக்கும் என்னைய அங்கன உக்கார வச்சது இதுக்குத்தானா!" என்று கத்தினாள் ஆவுடைத்தாய். வாசலில் ஒரே சிரிப்பு. என்னால் தலை நிமிர முடியவில்லை. வேல்விழி வந்து என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "தெரிஞ்சுமா அம்மாச்சி சும்மா இருந்தீக?" என்றாள். அன்று இங்கேயேதான் சாப்பிட்டாள்.

முடிவு தெரிந்ததும் சொல்லுங்கள். அந்தச் செருப்பைப் பற்றி மட்டும் இனி என்னிடம் பேச வேண்டாம்.

சின்னத்தாய்

*

ஸ்காபரோ
26.6.2007

அன்புள்ள ஆச்சிக்கு,

மேல்முறையீட்டில் வென்ற பிறகும் இத்தனை மாதம் இழுத்தடித்து, வேல்விழிக்கு விசா கையில் கிடைத்துவிட்டது. போனில் கதைத்தபோது அவள் உங்களிடம் முழுவதையும் சொல்லவில்லை என்றாள். என்னைக் கேட்கச் சொல்கிறாள்.

மருத்துவப் பரிசோதனை செய்த நாளைக் கணக்கு வைத்து விசாவில் கடைசி நாள் போட்டிருக்கிறார்கள். ஓகஸ்ட் 9. அதற்குள் அவள் இங்கே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் முதலில் இருந்து. ஆடி பிறக்க முன்னம் விமானத்தில் இடம் இல்லை. யூலை 24 தான் கிடைக்கிறது. உங்கள் பக்கம் ஆடியில் பெண்ணைப் புருசனிடம் அனுப்ப மாட்டார்கள் என்று நன்றாகவே தெரியும்.

டிக்கெட்டுக்கு இன்னும் காசு கட்டவில்லை. உங்களைக் கேட்காமல் கட்ட மாட்டேன்.

உங்கள் பேரன்,
தவசீலன்

*

திருத்தங்கல்
8.7.2007

தவசீலனுக்கு,

காசைக் கட்டிவிடுங்கள். கடிதம் வந்து சேர நாளாகும் என்று வேல்விழியைப் போனிலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இதைக் கேட்க நீங்கள் இரண்டு பேரும் இத்தனை பயப்பட வேண்டியதில்லை.

ஆவுடைத்தாய் கேட்டாள்: "ஆடியிலயா அனுப்புத? நாலு பேரு என்ன சொல்லுவாக?" "ஒரு ஆடிக்குப் பிரிச்சு வச்சேன், மூணு வருசம் பிரிஞ்சு கெடந்துட்டாக. இன்னும் எந்த ஆடிக்குடி பிரிக்கணும்ங்குற?" என்றேன். பிறகு அவளே வந்து, வேல்விழிக்குக் கொடுத்துவிடப் புளிக்காய்ச்சல் கிளற உட்கார்ந்தாள்.

மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நானும் உங்கள் சித்தியும் போகிறோம். வேல்விழி, "ஆவணியில போறேனே அம்மாச்சி, வேற வழி கேட்டுப் பாக்கட்டுமா?" என்று எனக்காகச் சொல்லிப் பார்த்தாள். பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிட்டேன்.

விமானம் இறங்குகிற நேரத்துக்கு முன்னாலேயே நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். ஒரு நிமிசம்கூட அவளைக் காக்க வைக்கக் கூடாது. இது நான் வைக்கிற முறை.

அம்மாச்சி சின்னத்தாய்