அண்ணி ஏறாத வேன்

ஜனவரி 16, வியாழன்

என் அறை திறந்து ஒரு வாரம் ஆகிறது. என் அறை என்று சொல்லலாமா? கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸுக்கு ஏது சொந்த அறை! போன மாதம் வரை உடைந்த வீல்சேர்களைப் போட்டு வைத்திருந்த இடம். இப்போது கதவில் மூன்று மொழியில் போர்டு: ‘புற்றுநோயாளிகளுக்கான துணை சிகிச்சை’. இதற்காக இரண்டு வருஷம் மேட்ரன் பின்னாலேயே அலைந்திருக்கிறேன்.

வாந்திக்கு மணிக்கட்டில் அமுக்குவது, மூச்சுப் பயிற்சி, கை கால் பிடித்துவிடுவது. ஆராய்ச்சியில் தேறியவை மட்டும். கீமோவோடு சேர்த்து, கீமோவுக்குப் பதிலாக இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இருந்தும் மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் ‘போமோ ரூம்’ என்று சிரிக்கிறார்கள். மந்திரவாதி அறையாம். சிரிக்கட்டும்.

இன்று வசுமதி அண்ணி வந்தார். என் அண்ணன் புனிதனின் மனைவி, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறவர். மார்பில் கட்டியை எடுத்த பிறகு ஆறு கீமோ என்று மலைக்குக் கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நேற்று மூன்றாவது. முகம் வாடிப்போய், பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போமோ ரூமாம்!

ஜனவரி 24, வெள்ளி

அண்ணி மறுபடி வந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டாராம். சிரித்தார்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் கோயில் கமிட்டி வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஈப்போவுக்குப் போகும் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வேன். டிரைவர் கந்தன் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். “ஒங்க அண்ணி ஏறல மிஸ்ஸி. லைன் முன்னுக்கு நின்னு ஹாரன் அடிச்சேன். கதவே தொறக்கல.”

இன்று நாலாவது கீமோ. அண்ணி போனை எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு இராசம்மா அக்காதான் எடுத்தார். வீட்டில்தான் இருக்கிறார்களாம், சமையல் வாசனை வருகிறதாம்.

என்ன நடக்குது இங்க?

பிப்ரவரி 6, வியாழன்

வேலை முடிந்து நேராக எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வரிசையாகத் தொட்டிகள், எல்லாவற்றிலும் பெலாலாய் காஜா செடி. இந்த இலையை அரைத்துக் குடித்தால் கட்டி கரையும் என்று ஊரெல்லாம் பேச்சு. போன மாதம் இவை இல்லை. அண்ணன் பேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உடம்பெல்லாம் தேயிலைத் தூள்.

“அண்ணி ஏண்ணே வேன்ல ஏறல?”

“ஏன் ஏறணும்? ஒங்க ஆஸ்பத்திரியே நம்ம வைத்தியத்துக்கு வந்திருச்சு. நீதானே அந்த ரூமை நடத்துற? கையைப் பிடிச்சே வாந்தி நின்னுச்சு, தூக்கம் வந்துச்சு. அப்ப எலையைக் குடிச்சா கட்டி கரையாதாலா?”

“அது வேற, இது வேறண்ணே! அது கீமோகூட சேத்து செய்யிறது.”

“போர்டு மாட்டுனது யாரு? நானா?”

அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

என் அறையைக் காட்டியே கீமோவை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் நாயாக அலைந்து நான் கட்டியது இதற்குத்தானா? நான் திறக்காமல் இருந்திருந்தால் அண்ணி நேற்று வேனில் ஏறியிருப்பாரோ? இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

அண்ணி அறைக்கு வந்தார். எதுவுமே நடக்காதது மாதிரி கையை நீட்டினார்.

“கீமோவுக்குப் போகலன்னா இந்தக் கதவும் கெடையாது, அண்ணி. எந்திரிங்க.”

சொன்னது நான்தான். மற்ற நோயாளிகள் பார்க்க, சத்தமாக. அண்ணி குடையை எடுத்துக்கொண்டு மழையில் போய்விட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஹஸ்னாவிடம் நடந்ததைச் சொன்னேன். மெச்சிக்கொள்வார் என்று நினைத்தேன். “அவர் இந்த ஆஸ்பத்திரியில் இன்னும் நம்பி நுழைவது ஒரே ஒரு கதவு. அதையும் நீ சாத்திவிட்டாய்” என்றார் மலாயில், குரலை உயர்த்தாமலே. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

லைன் முழுக்கக் கோயிலில் இருந்தது. அண்ணனும் பால்குடம் எடுப்பவர்களோடு போயிருந்தார். அண்ணி தனியாக இருப்பார் என்று தெரிந்தேதான் போனேன். என்னைக் கண்டதும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கோபம் காட்டவில்லை. அது இன்னும் சுருக்கென்றது.

கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

“ஊசிக்கு நான் பயப்படல, மலரு. வேனுக்குத்தான். கம்போங் ராஜா தாண்டி எறக்கத்துல ஒவ்வொரு கோர்னர்லயும் வாந்தி வருது. போறப்பவே. மருந்தே இன்னும் ஏறியிருக்காது. இப்பல்லாம் முந்துன நாளு வேனை நெனச்சாலே கொமட்டுது. போன தடவை முன் சீட்டு சிவசாமி மாமா சட்டை பூராவும் பட்டுருச்சு. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. அவரு ஒண்ணுமே சொல்லல. பேசாம தொடச்சிக்கிட்டாரு. அவரும் நோயாளிதானே. அவரு திட்டியிருந்தாகூட நான் மறுபடி ஏறியிருப்பேன்லா.”

“அண்ணன்கிட்ட சொன்னீங்களா?”

“என்னன்னு சொல்ல? வேன்ல வாந்தியெடுக்க வெக்கமா இருக்கு, அதுக்காகச் செத்துப்போறேன்னா? எலையில நம்பிக்கை வந்திருச்சுன்னு சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.”

அழுதுவிட்டேன். நர்ஸ் அழக்கூடாது என்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள்தான்.

பிப்ரவரி 12, புதன்

வேன் விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் ஹஸ்னா தலையாட்டினார். மூளை அந்த ரோட்டை மருந்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டதாம். நிறையப் பேருக்கு வருவதுதானாம். முந்தின நாள் இரவுக்கு ஒரு மாத்திரை எழுதித் தரச் சொல்லி ஈப்போவுக்குப் பேசுகிறார். மூச்சுப் பயிற்சியும் அமுக்குவதும் கூடவே உதவும் என்றார். ஆனால் வாந்தி வருவது வேனில். நான் இருப்பது அறையில்.

பிப்ரவரி 19, புதன்

மறுபடி கீமோவுக்குப் போக அண்ணி ஒப்புக்கொண்ட பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஈரல் சரியில்லை. இந்த நிலையில் கீமோ ஏற்ற முடியாது, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்கிறார்கள். இலையாலா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதற்கும் நிறுத்துங்கள் என்றார்.

அண்ணன் வராந்தாவில் என்னை ஓரங்கட்டினார். “நான் அரைச்சு ஊத்திக் கொடுத்ததுதானா, மலரு?”

பதினைந்து நாளாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் பதிலைத் தீட்டி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை வீச மனம் வரவில்லை. “டாக்டருக்கே தெரியலண்ணே” என்றேன். அதுதான் உண்மையும்கூட.

இன்னும் தள்ளிப்போனால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

ஈரல் தேறிவிட்டது. நாளைக்கு நாலாவது. நானும் லீவு போட்டுவிட்டேன். அண்ணி ஏறுவாரா?

மார்ச் 5, புதன்

ஏறினார். வேன் படியில் ஒரு காலை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார், மறுபடி ஏறினார். கந்தன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். சிவசாமி மாமா, “இங்க வந்து உக்காரு தாயி” என்று முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். அண்ணி தலை குனிந்துகொண்டார்.

மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு நரம்புகளுக்கு நடுவே. அதுதான் இடம். அதில் கட்டை விரலை வைத்து அமுக்கிக்கொண்டே வந்தேன். வளைவு வருவதற்கு முன்பே மூச்சை இழுக்கச் சொல்லி, வளைவு முடியும் வரை மெல்ல விடச் சொன்னேன். கியா பார்ம், திரிங்காப் எல்லாம் தாண்டியது. கம்போங் ராஜா இறக்கத்தில் அண்ணியின் முகம் வெளுத்தது. கை சில்லென்று ஆகிவிட்டது. “நிறுத்தச் சொல்லு மலரு, நான் எறங்கி நடந்து வீட்டுக்குப் போறேன்” என்றார். “மூச்சை விடுங்க அண்ணி, விடுங்க” என்று நான் கெஞ்சினேன், அதட்டினேன். எதைச் செய்தேன் என்று இப்போது சரியாக நினைவில்லை.

ஒரு தடவை வாந்தி எடுத்தார். ஒரே தடவை, பையில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருந்து ஏறிவிட்டது.

மார்ச் 20, வியாழன்

மேட்ரனிடம் சண்டை. அடுத்த புதன் லீவு கிடையாது. வேனில் போய்ச் செய்வதற்கு அனுமதியும் இல்லை. “நீ ரோட்டில் இருந்தால் இங்கே வருகிற நோயாளிக்கு யார் கதவு திறப்பது?” என்று கேட்டார். அப்படியானால் அறைக்குச் சக்கரம் மாட்டிக் கொடுங்கள் என்று கத்திவிட்டு வந்தேன். அவர் கேட்டதும் நியாயம்தான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

அண்ணியிடம் போனில் சொன்னேன். “சரி” என்று மட்டும் சொன்னார். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 26, புதன்

காலையிலேயே வாசலுக்கு வந்து நின்றேன். வேன் வந்தது. உள்ளே அண்ணி. பக்கத்தில் அண்ணன்! பேக்டரிக்கு லீவு போட்டிருக்கிறார். கோயிலுக்குப் போவது மாதிரி வெள்ளைச் சட்டை. அண்ணியின் கையை மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அமுக்கிக்கொண்டிருந்தார்.

இடம் தப்பு. நரம்புகளுக்கு நடுவே இல்லை, ஓரத்து எலும்பின் மேல். ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்ட நினைப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது. நாள் முழுக்க அறையில் எனக்கு வேலையே ஓடவில்லை. யாருக்கு எதை அமுக்கினேனோ.

சாயங்காலம் அண்ணியே கூப்பிட்டார். அஞ்சாவதும் முடிந்ததாம். போகும்போது ஒரு தடவை வாந்தி, வரும்போது இல்லை.

“அண்ணி, அண்ணன் தப்பான எடத்துல அமுக்குறாரு. போனைக் குடுங்க, நான் சொல்லித் தர்றேன்.”

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்குத் தெரியாதாலா? ரோடு பூரா வலி. சொல்லிறாத மலரு. சொன்னா கையை விட்டுருவாரு.”