மாரியம்மன் மெட்டு

அம்மா,

செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசும்போது நீ பாடும் மாரியம்மன் பாட்டைத்தான் நான் பியானோ இசையாக எழுதினேன். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு, போன ஞாயிறு சபையில் அதை வாசித்தேன். "கர்த்தர் கொடுத்த மெட்டு" என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

நான் வாசிப்பதைக் கேட்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நீ, மெட்டைக் கேட்டதும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருப்பா அந்தம்மா?" என்று பாஸ்டர் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன். மைக் அணையாமல் இருந்ததால் அது உன் காதில் விழுந்துவிட்டது.

வாசலில் என்னிடம், "நல்லா வாசிச்சீங்க சார், போயிட்டு வரேன்" என்றாய்.

அது யார் பாட்டு என்று சபையில் இன்னும் நான் சொல்லவில்லை. நாளை வீட்டுக்கு வருகிறேன். "டேய்" என்று வாசலிலேயே வைத்துத் திட்டு. சார் மட்டும் வேண்டாம்.

உன் வயிற்றில் பிறந்தவன்