கண் மேலே போனா ஆமாம்

ஆகஸ்ட் 7, வியாழன்

மேகம் மூடியே கிடக்குது. மழை இல்லை, காத்து மட்டும். ஆஸ்பத்திரிக் கூடத்து ஜன்னல் ஒண்ணு கொக்கி போய் தடதடன்னு அடிக்குது. யாரும் எந்திரிச்சு சாத்தலை. நானும்தான்.

வெண்ணந்தூரிலிருந்து கொண்டுவரச் சொல்ல: நைட்டி 2, சோப்பு, சார்ஜர், இவர் ஆதார் நகல். நான் வேலை பார்க்கற போஸ்ட் ஆபீஸ் சாவி, கூட வேலை செய்யற லதாகிட்ட. லீவு லெட்டர் போட்டாச்சு.

டாக்டர் கேட்கறப்பல்லாம் நாள் குழம்புது. அதனால வரிசையா:

போன மாசக் கடைசி: இவருக்கு வயித்துப்போக்கு, ரெண்டு நாள்.
சனி: கால் விரல் மதமதப்பு. பட்டறையில் லாரி பாடி மேல ஏறி வெல்டிங் வைக்க முடியலைன்னு சீக்கிரமே வந்துட்டார்.
திங்கள்: பாத்ரூமில் விழுந்தார். எந்திரிக்க முடியலை.
செவ்வாய்: இங்க, சேலத்துக்கு. ஐசியூ.
நேத்து: மெசின்.

நேத்துக் காலையில் டாக்டர், ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடியுதுன்னு எண்ணச் சொன்னார். இருபத்திரெண்டு. மத்தியானம் ஒம்போது. மூணு மணிக்கு அஞ்சு. "இனி காத்திருக்கக் கூடாதும்மா, மூச்சுக்கு மெசின் வெக்கணும்" என்றார்.

கு. (இவர்தான், பேரை முழுசா எழுத வரலை) என் கையைப் பிடிக்கப் பார்த்தார், விரல் மடங்கலை. "அது மட்டும் வேணாம் சரசு. அதைப் போட்டவங்க யாரும் திரும்புனதில்லை. நானு எத்தனை பாத்திருக்கறேன்."

எங்க பார்த்தார்? பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், போனில். யாராவது பெரிய ஆள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தா சிவப்பு எழுத்தில் 'வென்டிலேட்டரில்' என்று வரும். அப்புறம் நெஞ்சுத் துடிப்பைக் காட்டற பச்சைக் கோடு. அப்புறம் கோடு நேராகும். மறுநாள் மாலை போட்ட போட்டோ.

நான் கையெழுத்துப் போட்டேன். போடறதை அவர் பார்த்துக்கிட்டே இருந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். நரம்பு மேல இருக்கற உறை உரிஞ்சுபோச்சாம், ஒயர் மேல பிளாஸ்டிக் உரிஞ்ச மாதிரி. மூளையில் ஒண்ணும் இல்லை. அஞ்சு நாள் மருந்து ஏத்தணும். உறை திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். "மெசின் வைத்தியம் இல்லைம்மா. நரம்பு தேறுற வரைக்கும் அவருக்குப் பதிலா மூச்சு விடுது, அவ்வளவுதான்."

திரும்பி வருவாரான்னு கேட்டேன். "நெறையப் பேர் வர்றாங்க. எல்லாரும்னு சொல்ல மாட்டேன்."

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. வந்தது:

- வென்டிலேட்டர் என்றாலே முடிந்ததா? உண்மையை உடைக்கும் நபர்
- பிணத்துக்கு மூச்சு! ஐசியூவின் மறுபக்கம்
- குழாயைப் பிடுங்கியதும் எழுந்து நடந்த அதிசயம்
- இந்த ஒரு கஷாயம் போதும், மெசினே வேண்டாம்

ஒண்ணு செத்ததா இருக்குது, இல்லாட்டி அதிசயமா இருக்குது. மூணு வாரம் படுத்துக் கிடந்து மெதுவாத் தேறினார்னு யாருமே ஒரு வீடியோ போடலை. இப்ப போனைத் திறந்தாலே இதுதான் வருது. சமையல் பார்த்த காலம் போச்சு.

சாயங்காலம் பெரிய மாமா வந்தார், இவருடைய அண்ணன் தங்கவேல். உள்ள கூட்டிப்போனேன். கு. கண் மேல டேப் ஒட்டியிருந்தது. வாயில் குழாய். நெஞ்சு மட்டும் ஒரே அளவா ஏறி இறங்குது. பெரிய மாமா கட்டில் பக்கத்திலேயே நின்று, சத்தமா:

"கண்ணை ஒட்டி வெச்சுட்டாங்களே அம்மிணி! செத்தவனுக்குத்தானே கண்ணை மூடுவாங்க? பொணத்துக்குக் காத்தடிச்சுட்டு இருக்கறாங்க."

அப்படியும் இருக்குமோன்னு ஒரு நொடி தோணுச்சு. அதை இங்க எழுதத்தான் வேணும்.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். கூடத்தில் மேச்சேரிக்காரம்மா ஒண்ணு பழக்கமாச்சு. பேர் செல்லம்மா. வீட்டுக்காரருக்கு நுரையீரலில் சளி கட்டி அவரும் மெசினில், நாலாம் பெட். நான் சாப்பிடலைன்னு பாதி இட்லியைப் பிட்டு என் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டது.

பத்து மணிக்கு உள்ள போனேன். நர்ஸ் ஷீலா கண் டேப்பை உரித்துக்கொண்டிருந்தது.

"இது எதுக்குங்க?"

"முகத்து நரம்பும் போயிருக்கில்லக்கா. கண்ணு முழுசா மூட மாட்டேங்குது, காஞ்சு புண்ணாயிரும். அதுக்குத்தான் மருந்து போட்டு ஒட்டுறோம்." அப்புறம் குனிந்து, "அண்ணா, அக்கா வந்திருக்காங்க. மேல பாருங்க."

கருவிழி மேலே போச்சு.

"கீழ பாருங்க."

கீழே வந்துச்சு.

நான் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். ஷீலா சொன்னது: "மயக்க மருந்து வியாழக்கெழமையே குறைச்சாச்சு. எல்லாம் கேக்குதுக்கா அவருக்கு. கையும் காலும் மொகமும்தான் அசையாது. பக்கத்துல நின்னு கண்டபடி பேசாதீங்க."

வியாழன். பெரிய மாமா பேசினது வெள்ளி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுத்து கோணும்.

காலையில் தர்ஷினி ஹாஸ்டலிலிருந்து போன். வார்டன் போனிலிருந்து. "அம்மா, அப்பா செத்துட்டாரா? எனக்கு ஏம்மா சொல்லலை?" பன்னிரெண்டாவது படிக்கிற பொண்ணு, சின்னப் பிள்ளை மாதிரி அழுகுது. இல்லை சாமி, இல்லை சாமின்னு சொல்லச் சொல்ல நம்ப மாட்டேங்குது. "வீடியோல நீயே அழுகறியேம்மா!"

என்ன வீடியோ?

பெரிய மாமா வெள்ளிக்கிழமை சட்டைப் பையில் போனை வைத்தே எடுத்திருக்கார். உள்ளூர் செய்திப் பக்கம் ஒண்ணுக்கு அனுப்பியிருக்கார். தலைப்பு: 'இறந்தவருக்கு நான்கு நாளாக வென்டிலேட்டர்? கதறும் மனைவி!'

கதறும் மனைவி நான். வீடியோவில் என் முதுகுதான் தெரியுது. நான் கதறலை. குனிந்து அவர் காதோரம் வழிந்திருந்த எச்சிலைத் துடைச்சேன். பின்னால் சோக மியூசிக் சேர்த்திருக்காங்க. டொய்ங் டொய்ங்னு ஒரு சத்தம், கடைசியில் நீளமா ஒரு கூவல். அந்த ஐசியூவில் அப்படி ஒரு சத்தமே வரலை. டேப் ஒட்டின கண்ணைச் சுத்தி சிவப்பு வட்டம்.

கீழே எழுதியிருக்கறதை ஒரு பத்து படிச்சேன். ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். ஒருத்தர், 'எங்க மாமனுக்கும் இப்படித்தான் பண்ணாங்க, இழுத்துட்டு வீட்டுக்குப் போங்க'. நடுவில் யாரோ ஒரு பெண், 'இவருக்கு உண்மையில் என்ன நோய்?' அதுக்கு ஒருத்தரும் பதில் போடலை.

மத்தியானம் ஊரிலிருந்து வேன் வந்துச்சு. பதினாலு பேர். சின்ன அத்தை என்னைக் கட்டிக்கிட்டு ஒப்பாரியே ஆரம்பிச்சுட்டாங்க. "அவர் உயிரோட இருக்கறாருங்க அத்தை." "ஆமா கண்ணு, அப்படித்தான் சொல்லுவாங்க."

ஓரமா நின்ற ஒருத்தர் போனில் பேசினது காதில் விழுந்துச்சு: "ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சுங்க. வந்து சேர எப்படியும் சாயங்காலம் ஆயிரும்."

ஆகஸ்ட் 11, திங்கள்

எல்லாம் எழுதிடணும், விடாம.

காலையிலேயே பெரிய மாமா கையில் பேப்பர். நாங்களே எங்க பொறுப்பில் கூட்டிப்போறோம்னு எழுதி, என் கையெழுத்து மட்டும் பாக்கி. பின்னால் பதினாலு பேரும்.

"ஊட்டுல போய் மூச்சு நிக்கட்டும் அம்மிணி. ஆஸ்பத்திரியில அநாதையாட்டம் ஏன் சாகோணும்?"

டாக்டர் வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தது, தூங்கலை போல. அவருக்கும் அந்த வீடியோ போயிருக்கு. கோபப்படலை. "குழாயை எடுத்தா அவர் போறதுக்குச் சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷமும் அவருக்குத் தெரியும். அதைத் தெரிஞ்சு முடிவு பண்ணுங்க."

நான் சொன்னேன், "மாமா, நீங்களே உள்ள வந்து அவரைக் கேளுங்க."

"செத்தவன்கிட்ட என்னத்தைக் கேக்கறது?"

"வந்து கேளுங்க மாமா." எனக்கே தெரியாத குரலில் வந்துச்சு.

உள்ள நாலு பேர்: நான், பெரிய மாமா, டாக்டர், ஷீலா. ஷீலா டேப்பை எடுத்துச்சு. கண் மேலே போனா ஆமாம், கீழே போனா இல்லை. ஷீலாதான் ரெண்டு தடவை சொல்லிக்கொடுத்துச்சு.

ஷீலா கேட்டுச்சு, "பேரு குமரவேலுங்களா?" மேலே.
"சொந்த ஊர் மோகனூருங்களா?" கீழே. எங்க ஊர் வெண்ணந்தூர்தான்.

பெரிய மாமா செவுத்தைப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம், "தம்பி. சாமி. நானு அண்ணன் வந்திருக்கறேன். தெரியுதா?" மேலே.

"ஊட்டுக்குப் போலாமா சாமி?"

அந்தக் கேள்வி வரும்னு நான் நினைக்கலை. கண் அசையலை. மெசின் நாலு மூச்சு விட்டிருக்கும்.

மேலே போச்சு. நல்லா, மேலே.

பெரிய மாமா என்னைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான்தான் கேட்கவைத்தேன். கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு.

அப்பத்தான் உறைச்சுது. இந்த அஞ்சு நாளில் யாருமே அவர்கிட்ட எதுவும் சொல்லலை. டாக்டர் எனக்குச் சொன்னார், நான் அத்தைக்குச் சொன்னேன், ஊரே ஊருக்குச் சொல்லுது. கட்டிலில் கிடக்கறவருக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். ஒண்ணு, பட்டறையில் பார்த்த பச்சைக் கோடு. இன்னொண்ணு, அண்ணன் வாயால கேட்ட பொணம்.

குனிந்து காதுகிட்ட சொன்னேன். "ஏனுங்க, கேளுங்க. நீங்க சாகலை. மூளையில ஒண்ணும் இல்லை. நரம்பு மேல இருக்கற உறை உரிஞ்சிருக்குது, அது வளரும். நாளாகும். அதுவரைக்கும் இந்த மெசின் மூச்சு விடும். வேண்டாம்னு சொன்னீங்க, நான் போடச் சொன்னேன். கோவம் இருந்தா இருக்கட்டும், எந்திரிச்சு வந்து திட்டுங்க. இப்ப எடுத்தா நீங்க இல்லை." திக்கித் திக்கித்தான் சொன்னேன், இங்க எழுதற மாதிரி இல்லை. விட்டதை டாக்டர் சொன்னார். எல்லாருக்கும் குணமாகும்னு வாக்குத் தர முடியாதுன்னும் சொன்னார். அதையும் ஏன் சொன்னார்னு அப்ப ஆத்திரம். இப்ப இல்லை.

"உடனே கேக்க வேணாம். யோசிக்கட்டும். நாலு மணிக்கு வாங்க" என்றார் டாக்டர்.

நாலு மணி வரைக்கும் நான் என்ன செய்தேன்னு தெரியலை. பெரிய மாமா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பேப்பரைச் சுருட்டிச் சுருட்டிக் கூழாக்கிட்டார்.

நாலு மணி. டாக்டரே கேட்டார். "குமரவேல், மெசினை எடுத்துட்டு வீட்டுக்குப் போறீங்களா?"

கீழே.

"இங்கயே இருந்து வைத்தியம் பார்க்கலாமா?"

மேலே. கண் ஓரத்தில் தண்ணி, துடைக்கத் துடைக்க.

பெரிய மாமா தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்த தம்பி காலைக் கட்டிக்கிட்டார். "மன்னிச்சுரு சாமி. நீ கேட்டுட்டே கெடந்தியா சாமி. கேட்டுட்டே கெடந்தியா." ஷீலாவே வெளியே கூட்டிப்போச்சு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். வேன் திரும்பிப் போச்சு. அத்தை மட்டும் வாசலில் நின்று ஒரு தடவை கும்பிட்டாங்க, என்னையா சாமியையான்னு தெரியலை.

பெரிய மாமா அந்தச் செய்திப் பக்கத்துக்காரங்களுக்குப் போன் போட்டு வீடியோவை எடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் கேட்டேன்: "நீங்கதானேண்ணா குடுத்தீங்க? நல்லாப் போய்ட்டு இருக்குது, இப்பப் போய் எடுக்கச் சொல்றீங்க." ரொம்பக் கெஞ்சினப்புறம் எடுத்தாங்க. அதுக்குள்ள வேற நாலு பக்கத்தில் வந்தாச்சு. ஒண்ணில் இவர் பேர் குமரேசன். இன்னொண்ணில் ஊர் பள்ளிபாளையம்.

தர்ஷினியைக் கூட்டிவந்து கண்ணைக் காட்டினேன். "அப்பா, நான் தர்ஷினி." மேலே, மேலே, மேலே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கழுத்தில் துளை போட்டு மெசினை அதில் மாட்டிட்டாங்க. வாயிலிருந்த குழாய் போச்சு. உதடு வெடிச்சிருக்குது, வெண்ணெய் தடவினேன். நேத்து ராத்திரிக் காய்ச்சல். நெஞ்சில் சளி. இன்னும் ரெண்டு நாள் கவனமா இருக்கணும்கறார் டாக்டர்.

நாலாம் பெட்காரர் காலையில் போய்ச் சேர்ந்தார். அதே மாதிரி மெசின், அதே டாக்டர், அதே ஷீலா. செல்லம்மா கதறலை. பாயைச் சுருட்டி, தண்ணிக் குடத்தை என் பக்கம் தள்ளி, "நீ வெச்சுக்க" என்றது. குடத்தை வாங்கிக்கிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காய்ச்சல் விட்டுப் பத்து நாள். வலது கட்டைவிரல் அசையுது. கண் தானா மூடுது, டேப் வேண்டியதில்லை. நேத்து மெசின் இல்லாம பத்து நிமிஷம், வேர்த்துக் கொட்டிருச்சு. தினமும் காலையில் பெரிய மாமா வந்து காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கறார்.

அந்தச் செய்திப் பக்கத்துப் பையன் எனக்கே போன். "அக்கா, அண்ணன் பொழச்சுட்டாராமே! 'மரணத்தை வென்ற மனிதர்'னு போடலாங்க்கா. அஞ்சு நிமிஷம் போதும்."

பெரிய மாமாவுக்கு ஆசை. தன் மேல விழுந்த பழி போகுமே. கு.வைக் கேட்டோம். கீழே.

நானும் பையன்கிட்ட சொன்னேன்: "நாலாம் பெட்டுல ஒருத்தர் செத்துப்போனாருங்க. அவர் என்ன தோத்துப்போனாரா?" அவனுக்குப் புரியலை. "அது வேற நியூஸ்க்கா" என்றான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நல்ல மழை. துணி காயலை. போஸ்ட் ஆபீஸில் லீவு நீட்டிக்கக் கேட்டாச்சு.

கூடத்தில் புதுசா ஒரு பொண்ணு, ஆத்தூர்ப் பக்கம். முப்பது வயசு இருக்கும். மத்தியானம் அது வீட்டுக்காரருக்கு மெசின் வைத்துட்டாங்க. விஷயம் தெரிஞ்ச நிமிஷத்திலிருந்து போனைத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. என்ன பார்க்குதுன்னு எட்டிப் பார்க்கத் தேவையில்லை, சத்தத்திலேயே தெரியுது.

என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க வீட்டுக்காரரு ஒரு மாசமா உள்ளதான் இருக்காராமே. இதைப் போட்டா திரும்பி வருவாங்களா?"

ஆமாம்னு சொல்ல வாய் வந்துச்சு. செல்லம்மாவை நினைத்து நிறுத்தினேன்.

"தெரியாதுங்க. வர்றவங்களும் இருக்கறாங்க, வராதவங்களும் இருக்கறாங்க. உள்ள விட்டா காதுகிட்டப் போய், என்ன நடந்துச்சு, எதுக்கு இதை வெச்சிருக்கறாங்கன்னு சொல்லுங்க. முதல்ல அதைச் சொல்லுங்க. அழுகையெல்லாம் வெளிய வந்து."

"அவருக்குக் கேக்குமா?"

"கேக்கும்னு நெனச்சே பேசுங்க."

போனைக் கவிழ்த்து வைத்துச்சு. முந்தானையால் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, என்ன சொல்லணும்னு மெதுவா வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்துச்சு.

இன்னிக்கு இவரை அரை மணி நேரம் மெசின் இல்லாம விடறாங்களாம். ஷீலா கதவைத் திறந்து எங்க ரெண்டு பேர் பேரையும் கூப்பிடுது