பார்க்காமல் ஆடியவரிடம் நீ சொன்ன பொய்

நேற்று கடலூர் முதுநகரில் ஒரு கல்யாண வீட்டில் புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். அந்த மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

சிதம்பரம் மேலவீதி மாடியறையில் ஞாயிறு மதியம் மூணு சீட்டு ஆடுவோம். நீ காலேஜில் கணக்கு வாத்தியார், நான் கடலூரில் மல்லாட்டை யாவாரி, நிலக்கடலை மூட்டைக்காரன். ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து சொன்னாய்: "ஆறு தடவைக்கு ஒரு தடவை வெறுஞ்சீட்டை வச்சே பந்தயத்தை ஏத்தணும் மச்சான். எப்பன்னு மனசு முடிவு பண்ணா எதிராளி கண்டுபுடிச்சிடுவான். வாட்சைப் பாக்கணும். விநாடி முள்ளு கடைசிப் பத்துல இருந்தா பொய்."

நல்ல கணக்குதான். விவரமானவர்களை ஜெயித்தாய், என்னையும் ஜெயித்தாய். ஆனால் பண்ருட்டி முந்திரி மண்டிக்காரர் தன் சீட்டையே பார்க்க மாட்டார். கவிழ்த்து வைத்தபடியே காசு போடுவார். "பாத்தாத்தானே வாத்தியாரே பயம்" என்பார். அவரிடம் பொய் ஆடாதே, நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஏத்து என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஆளுக்கு ஆள் மாத்துனா அது கணக்கே இல்ல மச்சான்" என்று சிரித்தாய்.

அந்த ஞாயிறு, மேல்படிப்புக்குச் சீமை போகக் கப்பல் டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம் உன் சட்டைப்பையில். என் சீட்டு மட்டம், கவிழ்த்துவிட்டு ஆட்டத்திலிருந்து ஒதுங்கினேன். நீ வாட்சைப் பார்த்தாய். பக்கத்திலிருந்த நானும் பார்த்தேன். முள் ஐம்பத்துநாலில். ஏற்றினாய். மண்டிக்காரர் சீட்டைப் பார்க்காமலே போட்டார். மறுபடி ஏற்றினாய், மறுபடி போட்டார். டிக்கெட் பணத்தில் கை வைத்தாய். ஒதுங்கியவன் வாய் திறக்கக் கூடாது என்பது நம் மேசை வழக்கம். நான் திறக்கவில்லை. கடைசியில் அவர் புரட்டினால் வெறும் நாலு ஜோடி. உன்னிடம் அதுகூட இல்லை.

"அடுத்த வருஷம் போறேன்" என்றாய். சீமைக் காலேஜில் உனக்கிருந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று.

எதிரே உட்கார்ந்தவனெல்லாம் உன்னைப் போலவே யோசிப்பான் என்று நினைத்தாயே, அத்தனை படித்தவனுக்கு அந்த அகங்காரம் எதற்கு? எனக்குத்தான் என்ன கேடு? மூட்டைக்குக் கால் ரூபாய் குறைந்தால் தெருவே கேட்கக் கத்துகிற வாய், அன்றைக்கு மரியாதை பார்த்தது.

இப்போதெல்லாம் மல்லாட்டை ஏலத்தில் ஒதுங்கிய பிறகும் பேசுகிறேன். போன வாரம் கிள்ளை ஊர்க்காரர் ஒருவர் வீம்புக்கு விலையை ஏற்றிக்கொண்டே போனார். கையைப் பிடித்து இழுத்தேன். "நீதான் ஒதுங்கிட்டியே, உனக்கென்னய்யா இங்க யாவாரம்?" என்று ஏசினார்.

ஏசட்டும். கையை விடவில்லை.